காய்ச்சலுக்கு வந்தவரிடம் இன்னொரு கேள்வி

மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் எனக் கேட்டுக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு யாரும் வருவதில்லை. காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, பேரனுக்குச் சளி என்றுதான் வருகிறார்கள். ஈரோடு மாவட்டத்தின் மேற்குப் பக்கம், வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் விளைகிற சிற்றூர் இது. கிளினிக் என்று பெயரே தவிர, முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, நடுவில் பச்சைத் திரை, ஊசி போட ஒரு கட்டில், அவ்வளவுதான். நான் ஒருவன். ஒரு சிஸ்டர். டோக்கன் கொடுக்க ஒரு பெண். மாலையில் நூற்பாலை வேன் வந்து நின்றால் பெஞ்சில் இடம் இருக்காது.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்பார். பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும்போது, முகத்தைப் பார்க்காமல், காற்றுப் பந்தை அழுத்திக்கொண்டே கேட்பார். “அம்மிணி, மார்பை டாக்டரோ நர்ஸோ தொட்டுப் பார்த்து எத்தனை வருசம் ஆயிற்று?” பெரும்பாலும் வரும் பதில், “அங்கே எனக்கு ஒன்றும் இல்லைங்களே.” அதற்கு சிஸ்டர், “ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதுதான் அம்மிணி இது. இருந்தால் அது வேறு வைத்தியம்” என்பார். அறிகுறி இல்லாதவரிடம் நோயைத் தேடிப் பார்க்கும் இதற்குப் பெயர் ஸ்கிரீனிங். அதை நான் படித்த பாடப்புத்தகங்கள் ஒரு பக்கத்துக்கு விளக்கியிருந்தன; சிஸ்டருக்கு இரண்டு வரி போதும்.

கேட்க வேண்டிய தேவை நிறைய இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் புற்றுநோய்க்காக மார்பகத்தை வாழ்நாளில் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொண்டவர்கள் 0.9 சதவீதம். நூற்றில் ஒருவர்கூட இல்லை. வேண்டாம் என்று மறுத்தவர்கள் எத்தனை பேரோ, ஆனால் அவர்களைவிட யாரும் கேட்காமலே விடப்பட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம். எங்கள் திரைக்குப் பின்னால் சிஸ்டர் கேட்டு, நேரமும் இருந்தால், பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

நான் ஆண். இதை மறைத்துப் பயனில்லை. நாக்கை நீட்டுவார்கள், வயிற்றைக் காட்டுவார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுபோனால் மட்டும் சேலைத் தலைப்பு இரண்டு மடிப்பாகிவிடும். என்னைச் சிறுவயதிலிருந்தே அறிந்த ஊர் என்பதால் கூச்சம் இரட்டிப்பு. “டாக்டர் தம்பி” என்று கூப்பிடும் அத்தை முறைப் பெண்மணி திரைக்குப் பின்னால் என்னிடம் எப்படி வருவார்? ஆகவே எங்கள் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை முழுக்க சிஸ்டருடைய துறை. அறுவைசிகிச்சை வார்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சந்தேகம் என்று அவர் சொன்னால் மட்டும், அந்தப் பெண் சம்மதித்தால், அவர் உடனிருக்க நானும் பார்ப்பேன்.

மருத்துவர் செய்ய வேண்டியதை நர்ஸ் செய்கிறாரே, இது வேறு வழியில்லாத ஏற்பாடுதானே என்று என் கல்லூரி நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். மும்பையில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1998-இல் டாடா நினைவு மருத்துவமனை அங்குள்ள ஏழைக் குடியிருப்புகளில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரை 1,51,538 பெண்கள், 20 பகுதிகள். பாதிப் பகுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பகத்தைக் கையால் பரிசோதித்தார்கள். மறுபாதியில் புற்றுநோய் பற்றி ஒருமுறை எடுத்துச் சொன்னதோடு சரி. மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே கிடையாது. பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள்.

இருபது ஆண்டுப் பலன் 2021-இல் வெளியானது. பரிசோதிக்கப்படாத பகுதிகளில் நோய் கண்டவர்களில் 47 சதவீதம் பேர் நோய் முற்றி மூன்றாம், நான்காம் நிலைக்குப் போன பிறகுதான் பிடிபட்டிருந்தார்கள்; பரிசோதிக்கப்பட்ட பகுதிகளில் அது 37 சதவீதம். மார்பகப் புற்றுநோய் மரணங்கள் மொத்தத்தில் 15 சதவீதம் குறைந்திருந்தன, ஆனால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் புள்ளியியல் இடம் கொடுத்தது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது குறைவு கிட்டத்தட்ட 30 சதவீதம். இதைத் தற்செயல் என்று சொல்ல முடியவில்லை. 50-க்குக் கீழே உயிர் காத்ததாகக் காட்ட முடியவில்லை. சுவரொட்டியில் போட்டு விளம்பரப்படுத்த உதவாத, ஓரம் கிழிந்த முடிவு. அதனாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை.

எங்கள் பழக்கமும் அதை ஒட்டியே அமைந்தது. மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை என்கிறது. அதோடு வாய்க்கும் கருப்பை வாய்க்கும் பரிசோதனை. முப்பதுகளில் இருப்பவர்களை சிஸ்டர் அந்தக் கணக்கில் விட்டுவிடுகிறார். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அவர்களை மட்டும் எளிதில் வெளியே விடமாட்டார்.

அந்தப் பரிசோதனையை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஏதோ தடவிப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தோல் உள்வாங்கியிருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா, தோல் ஆரஞ்சுப் பழத்தோல்போல் தடித்துக் குழிகுழியாக இருக்கிறதா, காம்பில் இரத்தக் கசிவு உண்டா என்று கவனிக்க வேண்டும். பிறகு படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக, ஒவ்வோர் இடத்திலும் மெதுவாக, சற்று அழுத்தி, விலா எலும்பு தட்டும்வரை அழுத்தி என்று மூன்று அளவில் பார்க்க வேண்டும். காரையெலும்பிலிருந்து மார்பின் அடி மடிப்பு வரை, அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரை, மேலும் கீழுமாக, உழவில் ஒரு சாலுக்குப் பக்கத்தில் அடுத்த சால் போவதுபோல இடைவெளி விடாமல் நகர வேண்டும். அக்குளையும் காரையெலும்பின் மேல்பகுதியையும் தனியாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் பிடிக்கும். பொதுமருத்துவத்தில் மூன்று நிமிடம் என்பது ஒரு நோயாளியின் மொத்த நேரம். வேறு மாதிரிச் செய்யும் பழக்கம் எங்களுக்கு இருந்தால், அரை நிமிடத்தில் முடித்து “நார்மல்” என்று எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடலாம். பல இடங்களில் நடப்பது அதுதான்.

முறையாகச் செய்தாலும் கைக்கு எல்லை இருக்கிறது. பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த 1999-ஆம் ஆண்டின் ஒரு மதிப்பீட்டின்படி, புற்றுநோய் உள்ள நூறு பேரில் கைப்பரிசோதனை கண்டுபிடிப்பது சுமார் 54 பேரைத்தான். இதை சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறார்: இன்று எதுவும் தட்டுப்படவில்லை என்றால், எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை, நாளை நீங்களே ஏதாவது கண்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் வாருங்கள்.

“அப்படியானால் நாங்களே மாதாமாதம் பார்த்துக்கொள்ளலாமே?” என்று நூற்பாலைப் பெண் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அதைக் கேட்க அவரைவிடப் பொருத்தமான ஆளும் இல்லை. இதே கேள்விக்கு விடை காண ஷாங்காயில் ஜவுளி ஆலைப் பெண்கள் 2,66,064 பேரைச் சேர்த்துப் பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்குச் சுயபரிசோதனையைத் தீவிரமாகக் கற்றுக்கொடுத்தார்கள். 2002-இல் வந்த இறுதி முடிவு: மரணம் குறையவில்லை. புற்றுநோயல்லாத கட்டிகளைக் கண்டு திசு எடுத்துப் பரிசோதிப்பது மட்டும் கூடியது. ஆகவே தேதி குறித்து, படம் பார்த்துச் செய்யும் சடங்காக அதை நாங்கள் சொல்லித்தருவதில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், மாறினால் வந்து சொல்லுங்கள், வலிக்காத கட்டியை வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். இவ்வளவுதான் பாடம். கடைசி வரிதான் இதில் முக்கியம். நம் ஊரில் வலி இல்லாத எதையும் நோயாக எண்ணுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

மேமோகிராம் பற்றிய கேள்வியை எங்களிடம் கொண்டுவருவது பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் மகள்கள். “நாற்பது ஆனால் எடுத்தே ஆக வேண்டுமாம், அம்மாவுக்கு எழுதிக் கொடுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் குரல் வரும். அங்கே அது சரி. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2009-இல் 50 வயதிலிருந்து என்றது, 2024-இல் 40 முதல் 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று மாற்றியது. பிரிட்டனில் 50-க்கு மேல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. பணக்கார நாடுகளே வயதிலும் இடைவெளியிலும் ஒத்துப்போகவில்லை என்பதிலிருந்தே இது எவ்வளவு நுணுக்கமான தராசு என்று தெரியும். வசதி இருக்கும் 50 வயதுக்காரர் கேட்டால் எழுதிக் கொடுக்கிறேன். குடும்பத்தில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இளவயதில் வந்திருந்தால் நானே வற்புறுத்துகிறேன். ஆனால் 28 வயதுப் பெண்ணுக்கு “முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்” என்ற பெயரில் மேமோகிராம் எடுத்து அனுப்பும் வழக்கத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது. அந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியானது. படத்தில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. அறிக்கையில் இரண்டு வரி சந்தேகம் எழுதி, கீழே மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும் என்று போட்டுவிடுவார்கள். அந்தக் கலந்தாலோசனை எங்கள் பச்சைத் திரைக்கு வந்துசேரும், கூடவே இரண்டு வாரத் தூக்கமின்மையும்.

இன்னொரு சிரமத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை: இந்த வேலையின் சலிப்பு. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடம். ஆனால் எங்களைப் போன்ற சிறு கிளினிக்கில் ஆண்டுக்கு ஒருவர் என்பதே அதிகம்; சில ஆண்டுகள் ஒருவரும் இருக்கமாட்டார். மற்ற எல்லா நாளும் விரல்கள் எதுவுமற்ற இடத்தில் எதையோ தேடிக்கொண்டிருக்கும். தட்டுப்படுவதும் பெரும்பாலும் இளம்பெண்களிடம் விரலுக்கு நழுவி ஓடும் நார்க்கட்டி, நாற்பதுகளில் நீர்க்கட்டி. இந்த ஆண்டின் அந்த ஒருவர் இன்று வந்திருக்கிறாரா என்று தெரியாமல், ஒவ்வொருவரையும் அவராகவே நினைத்துப் பார்க்க வேண்டும். அக்டோபரில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டி ஒரே காலையில் இருநூறு பேரைப் பார்த்து அனுப்பும் முகாம்களுக்கு இந்தச் சலிப்பு தெரியாது. அவை ஒரு நாளில் முடிந்துவிடுகின்றன.

முகாம் முடிந்த மறுநாள் என்ன ஆகிறது என்பதற்கு மணிலாவைப் பார்க்கலாம். பிலிப்பைன்ஸ் தலைநகரில் 1990-களின் நடுவில் கைப்பரிசோதனை ஆய்வு ஒன்று நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்களும் மருத்துவச்சிகளும் 1,38,392 பெண்களைப் பரிசோதித்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் 92 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. 3,479 பேரிடம் ஏதோ ஒன்று தட்டுப்பட்டு, மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் அதை முடித்தவர்கள் 35 சதவீதம். வீடு தேடிப் போய்க் கேட்டும் 42 சதவீதம் பேர் மறுத்துவிட்டார்கள். மீதிப் பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆய்வு முதல் சுற்றோடு நிறுத்தப்பட்டது. தொட்டுப் பார்க்கச் சம்மதித்த அதே பெண்கள்தான் அடுத்த படிக்கு வரவில்லை. மும்பைக்கும் மணிலாவுக்கும் விரல்களின் திறமையிலா வித்தியாசம்? கட்டி தட்டுப்பட்டவரைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்ததா இல்லையா என்பதில்தான் எல்லாம் நின்றது என்று நினைக்கிறேன்.

அதனால்தான் எங்கள் கிளினிக்கில் ஸ்கிரீனிங் கருவி எது என்று கேட்டால் சிஸ்டரின் நீளமான கணக்கு நோட்டைக் காட்டுவேன். தேதி, பெயர், வயது, என்ன தட்டுப்பட்டது, எங்கே அனுப்பினோம், எந்தத் தேதிக்குள், போனாரா, முடிவு என்ன என்று பத்தி பிரித்துக் கோடு போட்டிருக்கிறார். தொலைபேசி எண்ணுக்கு மட்டும் மூன்று பத்தி. நம் ஊர்ப் பெண் கொடுக்கும் எண் பாதி நேரம் கணவனுடையது, அல்லது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடையது. அந்த எண்ணில் கூப்பிட்டு “உங்கள் அம்மா மார்பு ஸ்கேனுக்குப் போனாரா” என்று கேட்டால், அம்மா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். அதனால் சிஸ்டர் முதலிலேயே கேட்டுவிடுவார்: யாரிடம் பேசினால் உங்களுக்குச் சங்கடம் இல்லை? பக்கத்து வீட்டு அக்கா, மகளிர் குழுத் தலைவி, கல்யாணமாகிப் போன மகள் என்று ஒரு பெயர் வரும். அந்த எண்தான் நட்சத்திரக் குறியோடு நோட்டில் ஏறும்.

அறிகுறியோடு முதலில் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. படித்துச் சொன்னதும் சிஸ்டர் சிரித்தார். அறுபது நாளுக்குள் ஒரு ஆடி வரும், ஒரு கோயில் சாட்டு வரும், மஞ்சள் அறுவடை வரும், பேத்திக்குச் சீர் வரும். ஒவ்வொன்றையும் அவர் எதிர்கொள்வார். கோபமே படமாட்டார். “ஊசி குத்தினால் நோய் பரவிவிடும்” என்ற பயம் வந்தால் மட்டும் என்னை உள்ளே கூப்பிடுவார். கட்டியில் ஊசி குத்தித் திசு எடுத்துப் பரிசோதித்ததால் ஆயுள் குறைந்ததாகச் சான்று இல்லை, ஊசியில் உறுதி செய்யாமல் கத்தி வைப்பதுதான் தவறு என்று நான் டாக்டர் குரலில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் நான்.

இவை எதற்கும் அசையாத தடை ஒன்று இருக்கிறது: வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண். அம்மாவுக்குப் புற்றுநோய் என்ற சொல் வெளியே போனால் வருகிற வரன் நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல என்னால் முடியாது, வரன்கள் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதிருக்கும் ஒருவருக்கு இடது மார்பின் மேல்வெளிப் பகுதியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் அசையாத கட்டியை சிஸ்டர் கண்டார். இளைய மகளுக்கு நிச்சயம் முடியட்டும் என்றார் அந்த அம்மா. போனை எடுப்பதை நிறுத்தினார். அவர் தினமும் விடியற்காலையில் பால் ஊற்ற சொசைட்டிக்கு வருவார் என்று தெரிந்து, சிஸ்டரும் பால் வாங்கப் போகிறவர்போல அங்கே போய் நின்றார். கட்டியைப் பற்றி முதல் நாள் பேசவே இல்லை; மாட்டைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஒருநாள், கோவையில் தெரிந்தவர் யாரும் கண்ணில் படமாட்டார்கள், ஸ்கேன் சீட்டில் “மார்பகக் கட்டி” என்றுதான் இருக்கும், நானே கூட வருகிறேன் என்றார். வந்தார்கள். தொடக்க நிலைப் புற்றுநோய். மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றி, கதிர்வீச்சு கொடுத்தார்கள். கல்யாணமும் நடந்தது. இப்போது பிரஷர் மாத்திரைக்கு வருகிறார், மாத்திரை விலையைப் பற்றி என்னிடம் சண்டை போடுகிறார்.

எல்லாக் கதையும் இப்படி இல்லை. சந்தேகம் என்று அனுப்பிய இன்னொருவருக்கு ஸ்கேனும் ஊசியும் முடிந்து வெறும் நீர்க்கட்டி என்று வந்தது. நிம்மதியைவிட அவருக்குக் கோபம்தான் அதிகம். பஸ் கட்டணம், மூன்று நாள் கூலி, துணைக்கு வந்த மருமகளின் கூலி, எல்லாம் ஒரு நீர்க்கட்டிக்கா? நியாயம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை நோய் உறுதியான பிறகு சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. நோய் இல்லை என்று தெரிந்துகொள்ள ஆகும் அலைச்சலுக்கு அட்டை இல்லை. ஸ்கிரீனிங் செய்பவர்கள் கணக்கில் எழுதாத செலவு இது. அதைக் கொடுப்பவர்கள் நோயில்லாத பெண்கள்.

பிரிட்டனில் ஒரு பெண்ணின் பெயர் ஏதாவது ஒரு குடும்ப மருத்துவரின் பட்டியலில் இருந்தால் போதும், 50-க்கும் 53-க்கும் இடையில் முதல் அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வந்துவிடும். எனக்குப் பட்டியல் கிடையாது. இன்று என்னிடம் வந்தவர் நாளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கிளினிக்குக்குப் போவார், அடுத்த நாள் மருந்துக்கடையிலேயே முடித்துக்கொள்வார். யார் என் நோயாளி என்பதே எனக்குத் தெரியாது. அரசிடம்தான் பட்டியல் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். 2023 இறுதியில் ஈரோடு உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கும் திட்டமும் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். சிஸ்டரின் நோட்டில் இருப்பவர்களில் சிலரை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கண்டது எங்களுக்குத் தெரிவதில்லை, நாங்கள் கண்டது அவர்களுக்குப் போவதில்லை. ஒரே பெண்ணை இருவரும் பார்க்கிறோம். மேற்பரிசோதனைக்குப் போனாரா என்பதை இருவரில் மற்றவர் கவனிப்பார் என்று இருவருமே நினைக்க வாய்ப்பிருக்கிறது.

ஒன்றியத்துக்கு ஒரு மேமோகிராம் எந்திரம் வாங்குவதா, அல்லது அதே பணத்தில் இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு வைத்து, அரசு நிலையமோ தனியார் கிளினிக்கோ, எங்கே கட்டி தட்டுப்பட்டாலும் அவரோடு பஸ் ஏறி, முடிவுத் தாள் கைக்கு வரும்வரை கூட இருக்கச் சொல்வதா என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் இரண்டாவது என்பேன். எந்திரம்தான் முதலில் வரும் என்று சிஸ்டர் பந்தயம் கட்டுகிறார். அதற்குத்தானே ரிப்பன் வெட்ட முடியும் என்கிறார்.